முன்மூலை நசுங்கிய காரைச் சரிசெய்து ஓட்டலாமா, கைவிட்டுவிடலாமா?

மலைப்பாதை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு எங்கள் கார் விபத்துக்குள்ளானது. முன்னால் சென்ற சரக்கு லாரி திடீரென்று நின்றபோது நான் ஒரு பக்கமாக ஒதுங்க முயன்றேன். முழுவதும் ஒதுங்க முடியாமல், ஓட்டுநர் இருக்கைக்கு மறுபக்கத்து முன்மூலை லாரியின் பின்சட்டத்தில் மோதியது. முன்னிருக்கைகளின் ஏர்பேக் இரண்டும் விரிந்தன. பக்கத்தில் அமர்ந்திருந்த என் மனைவிக்கு சீட் பெல்ட் அழுத்திய இடத்தில் நெஞ்சுக்குக் குறுக்காகக் கன்றிப்போனது. எனக்குக் காயம் இல்லை. பிள்ளைகள் அன்று வண்டியில் இல்லை. பின்னிருக்கையில் அவர்களுடைய குழந்தை இருக்கை மட்டும் காலியாகப் பொருத்தப்பட்டிருந்தது.

கார் ஆறு ஆண்டுகள் பழையது. நான்கு கதவு சிடான். 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பம்பர், பானட், ஹெட்லைட், ரேடியேட்டர் ஆகியவை சிதைந்துவிட்டன. அந்தப் பக்கச் சக்கரம் பின்னால் தள்ளப்பட்டு மட்கார்டின் உட்புறத்தில் உரசிக்கொண்டு நிற்கிறது. முன்கதவைச் சற்றுத் தூக்கி அழுத்தினால்தான் மூடுகிறது. கூரையில், முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சாண் தொலைவில், காகிதத்தை மடித்துப் பிரித்தது போல மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. ஆனால் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது.

பட்டறையில் கொடுத்திருக்கும் எஸ்டிமேட், விபத்துக்கு முன்பு இந்தக் காருக்கு இருந்த மதிப்பில் ஏறத்தாழ 58 விழுக்காடு. காப்பீட்டு நிறுவனம் இன்னும் முடிவு சொல்லவில்லை. பழுது நீக்கவும் ஒப்புக்கொள்ளலாம், முழு இழப்பு என்று அறிவிக்கவும் வாய்ப்பு உண்டு என்கிறார்கள், என் விருப்பத்தையும் கேட்கிறார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கும் வண்டியை ஏன் விட வேண்டும் என்பது அப்பாவின் கருத்து. அந்த இருக்கையில் இனி உட்கார மாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டார். புதியது போலவே ஆக்கித் தருகிறோம் என்கிறார் பட்டறைக்காரர். நான் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன். இத்தகைய சேதத்தில் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்? பட்டறையில் என்னென்ன கேட்க வேண்டும்? சரிசெய்த பிறகு இது முன்பு போலவே பாதுகாப்பான வண்டியாக இருக்குமா?

தகட்டுவேலை (பதில்)

நண்பரே, முதலில் உங்கள் மனைவியை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பெல்ட் கன்றிப்போன இடத்துக்குக் கீழே விலா எலும்பில் கீறல் இருந்தால் அது வலியாக வெளிப்படச் சில நாட்கள் ஆகலாம்.

இருபத்து நான்கு ஆண்டுகளாக நான் டிங்கரிங் வேலையில் இருக்கிறேன். பம்பர், பானட், விளக்குகள் என்று நீங்கள் எழுதியவற்றில் எதுவும் என்னைக் கவலைப்படுத்தவில்லை, ஏனென்றால் அவையெல்லாம் போல்ட்டைக் கழற்றிப் புதியதை மாட்டும் பாகங்கள். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தவை இரண்டே வரிகள்: கதவைத் தூக்கி மூட வேண்டியிருக்கிறது என்பது ஒன்று, கூரையில் மடிப்புக் கோடு தெரிகிறது என்பது மற்றொன்று. உங்களுடையது போன்ற காரில் தனியாக ஒரு சேசிஸ் கிடையாது. தரைத்தகடு, கூரையைத் தாங்கும் தூண்களான பில்லர்கள், கதவுக்குக் கீழே ஓடும் சில், கூரை ஆகிய எல்லாம் ஒன்றோடொன்று வெல்டிங் செய்யப்பட்ட ஒரே பெட்டி அது. மூலையில் விழுந்த அடி முன்பக்க நீள்சட்டத்தின் வழியாக ஓடி, முன் பில்லரின் அடிப்பகுதிக்கு வந்து, அங்கிருந்து கீழே சில்லுக்கும் மேலே கூரைக்கும் பிரிந்து போகிறது. கூரையில் கோடு விழுந்திருக்கிறது என்றால், இன்ஜின் அறையோடு முடிந்திருக்க வேண்டிய விசை நீங்கள் அமர்ந்திருந்த கூட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்று பொருள். கதவு இறங்கியதற்குக் கீல் வளைந்தது காரணமாக இருக்கலாம். கீலைத் தாங்கும் பில்லரே நகர்ந்ததும் காரணமாக இருக்கலாம். முதலாவது அரை நாள் வேலை. இரண்டாவது வண்டியின் தலையெழுத்தையே மாற்றும்.

காரின் முன்பகுதி நசுங்குவதற்காகவே வடிவமைக்கப்படுகிறது. மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பேலா பாரன்யி என்ற பொறியாளரின் இந்தக் கருத்து, 1959-இல் வெளிவந்த அந்நிறுவனத்தின் டபிள்யூ111 வரிசைக் கார்களில் முதன்முதலாக முழு வடிவம் பெற்றது: முன்னும் பின்னும் மடிந்து மோதலின் ஆற்றலை உண்ண வேண்டும், நடுவில் மனிதர்கள் இருக்கும் கூடு மடியாமல் நிற்க வேண்டும். உங்கள் காரின் முன்சட்டம் அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டது. அது எந்த இடத்தில், எந்த வரிசையில் மடிய வேண்டும் என்று தொழிற்சாலையில் திட்டமிட்டு வைத்திருந்த மடிப்புகள் ஏற்கெனவே செலவாகிவிட்டன. அதை இழுத்து நேராக்கி வண்ணம் பூசினால் பார்வைக்கு நேராகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த மோதலில் அது முன்னதாகவும் மடியலாம், மடியாமல் நின்று விசையை அப்படியே உள்ளே அனுப்பவும் செய்யலாம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மென்மையாக வளைந்த தகட்டை இழுத்து நேராக்கலாம், கூர்மையாக மடிந்த தகட்டை மாற்றியாக வேண்டும். வளைவில் உலோகம் தன் பழைய வடிவத்தை நினைவில் வைத்திருக்கிறது என்பார் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். மடிப்பில் அது கடினமாகி, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுந்திருக்கும். மேலும், இன்றைய கார்களில் பில்லர், சில் போன்ற இடங்களில் போரான் கலந்த மிகு வலிமை எஃகு பயன்படுத்தப்படுகிறது. தகட்டை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அச்சுக்குள் அழுத்தி, அங்கேயே சட்டென்று குளிரவைத்து, 1,500 மெகாபாஸ்கல் அளவுக்கு வலிமை ஏற்றுகிறார்கள். பட்டறையில் கேஸ் டார்ச்சை வைத்து அதைச் சிவக்கச் சூடாக்கித் தட்டினால் அந்த வலிமை போய்விடும், திரும்ப வராது. அத்தகைய பாகத்தை நேராக்கக் கூடாது, முழுதாக மாற்றத்தான் வேண்டும் என்று தயாரிப்பாளர்களின் பழுதுநீக்கக் கையேடுகளே சொல்கின்றன. பழைய டார்ச்சும் சுத்தியலும் கைப்பழக்கமுமாக வேலை செய்பவர்கள் எத்தனை திறமைசாலிகளாக இருந்தாலும், இந்த எஃகின் முன்னால் அந்தத் திறமைக்கு இடமில்லை. இதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நானும் அப்படிக் கற்றவன்தான்.

ஆகவே பட்டறையில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, வண்டியை அளவெடுக்கும் மேடையில் ஏற்றினார்களா என்பதை. ஒவ்வொரு மாடலுக்கும் அடிப்பகுதியிலும் மேற்பகுதியிலும் பல புள்ளிகள் குறிக்கப்பட்டு, அவற்றின் நீள, அகல, உயர அளவுகள் தயாரிப்பாளரிடமிருந்து கிடைக்கின்றன. பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் வரைதான் விலகல் ஏற்கப்படும். நொறுங்கிய பாகங்களைக் கழற்றிவிட்டு, மேடையில் ஏற்றி, அந்த அச்சிட்ட அளவுத்தாளை உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அளவெடுக்காமல் கொடுக்கப்பட்ட எஸ்டிமேட், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தவற்றின் பட்டியல் மட்டுமே. கழற்றிய பிறகு அது வளராமல் இருந்ததை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஏர்பேக். விரிந்த பைகளை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. மோதலின்போது பெல்ட்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் வெடிமருந்தால் இயங்குவது, ஒருமுறைதான் வேலை செய்யும். உங்கள் மனைவி அமர்ந்திருந்த பக்கத்தில் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, தோளுக்கு மேலே உள்ள வளையத்தில் அது உரசும் இடத்தைப் பாருங்கள். நூல் பளபளப்பாக உருகினாற்போலவோ, வளையத்தின் பிளாஸ்டிக் வழித்தெடுத்தாற்போலவோ இருக்கும். அந்த பெல்ட் தன் வேலையைச் செய்துவிட்டது, இனி அது மாற்றப்பட வேண்டும். மோதலை உணரும் முன்பக்க சென்சார், கட்டுப்பாட்டு மாட்யூல், கிழிந்த டேஷ்போர்டு ஆகியவையும் தயாரிப்பாளரின் கையேட்டில் சொல்லியபடி மாற்றப்பட வேண்டும். உங்கள் எஸ்டிமேட்டில் இவை தனித்தனி வரிகளாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏர்பேக் என்று ஒரே வரியாக எழுதியிருந்தால் விளக்கம் கேளுங்கள். பைக்குப் பதிலாக ரெசிஸ்டர் என்ற சிறிய மின்தடைப் பாகத்தை வைத்து எச்சரிக்கை விளக்கை ஏமாற்றும் ஆட்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், இந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது என்ற பக்கம்தான் என் மனம் சாய்கிறது. ஆனாலும் அளவுத்தாளைப் பார்க்காமல் எந்தப் பக்கமும் முடிவெடுக்காதீர்கள்.

இழப்புக்கணக்கு (பதில்)

ஐயா, நான் வாகன இழப்பு மதிப்பீட்டில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். முந்தைய பதிவில் நண்பர் இரும்பின் கணக்கைச் சொல்லிவிட்டார். பணத்தின் கணக்கை நான் சொல்கிறேன், ஏனென்றால் 58 விழுக்காடு என்ற எண் உங்களைத் திசைதிருப்புகிறது என்று நினைக்கிறேன்.

நூற்றுக்கு ஐம்பத்தெட்டுதானே செலவு, மீதம் நாற்பத்திரண்டு மிச்சம் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். அது சரியான ஒப்பீடு அன்று. விபத்துக்கு முன் காரின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். பெரிய விபத்தில் சிக்கிப் பழுது நீக்கப்பட்ட கார், எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும், விற்கும்போது 100-க்குப் போகாது. வாங்குபவர் கதவின் ரப்பரை விலக்கி வெல்டிங் புள்ளிகளைப் பார்ப்பார், வண்ணத்தின் தடிமனை அளக்கும் கருவியை வைத்துப் பார்ப்பார், அதன் பிறகு 75 என்பார். இப்போது நசுங்கிய நிலையிலேயே இதை விற்றால் 20 கிடைக்கும் என்று கொள்வோம். அப்படியானால் பழுது நீக்குவதால் வண்டிக்குக் கூடும் மதிப்பு 55 மட்டுமே. அதற்காக 58 செலவாகிறது. பாகங்களைக் கழற்றிய பிறகு துணை எஸ்டிமேட் வந்து அது 70 ஆகவும் கூடும். இந்த 75-உம் 20-உம் நான் உதாரணத்துக்கு வைத்த எண்கள்தான். உங்கள் வண்டிக்கு உண்மையான எண்களை இரண்டு இடங்களிலாவது விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒப்பிட வேண்டியவை பழுதுச் செலவும் அதனால் கூடும் மதிப்பும்தான் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

செலவைக் காப்பீட்டு நிறுவனம்தானே ஏற்கிறது, எனக்கு என்ன நட்டம் என்று நீங்கள் கேட்கலாம். நட்டம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பழுது நீக்கினால் உங்கள் கையில் இருப்பது 75 பெறுமான வண்டி. முழு இழப்பு என்று தீர்த்தால், பாலிசியில் உள்ள மதிப்பிலிருந்து உங்கள் பங்குத் தொகையைக் கழித்து மீதி உங்கள் கைக்கு வரும். அந்த மதிப்பு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையா, விபத்தன்று இருந்த சந்தை விலையா என்பதைப் பாலிசியில் படித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே கணிசமான வேறுபாடு இருக்கலாம். காரின் மேல் கடன் நிலுவையில் இருந்தால் அந்தத் தொகை முதலில் கடன் கொடுத்தவருக்குப் போகும், சில வேளைகளில் அது கடனை அடைக்கவே போதாமலும் போகலாம். ஆகையால் நிலுவை எவ்வளவு என்று இன்றே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

எத்தனை விழுக்காட்டைத் தாண்டினால் முழு இழப்பு என்பது நாட்டுக்கு நாடு, பாலிசிக்குப் பாலிசி மாறுபடும். உங்கள் எண் அந்த எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை முதல் எஸ்டிமேட்டை வைத்து எவராலும் சொல்ல முடியாது. எனவே பாகங்களைக் கழற்றி, அளவெடுத்து, துணை எஸ்டிமேட்டையும் சேர்த்த பிறகே மறு ஆய்வுக்கு மதிப்பீட்டாளர் வர வேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுத்து மூலம் கேளுங்கள். வேலை பாதி முடிந்த பிறகு அந்த எல்லை தாண்டப்பட்டால் எல்லாருக்கும் சங்கடம். பணம் செலவாகியிருக்கும், வண்டி திறந்து கிடக்கும், உங்களுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு.

கழற்றுவதற்கான கூலி, வண்டியை நிறுத்திவைக்கும் நாள் வாடகை ஆகியவற்றை யார் கொடுப்பது என்பதையும் முன்னரே பேசி எழுதி வாங்குங்கள். முழு இழப்பு என்று முடிந்த பின்னர் இந்தச் சிறு தொகைகளுக்காகத்தான் அதிகமான சண்டைகள் நடக்கின்றன.

ஏணிச்சட்டம் (பதில்)

மேலே இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆயினும் இதைப் படிக்கும் மற்றவர்கள், பெரிய அடி பட்டாலே வண்டியைத் தள்ளிவிட வேண்டும் என்று எண்ணிவிடக் கூடாது. என்னுடைய பிக்கப் வண்டியின் பின்பகுதியில் பேருந்து ஒன்று மோதியதில் சரக்குப் பெட்டி முழுவதும் கசங்கி, பார்த்தவர்கள் எல்லாம் தலையில் கைவைத்தார்கள். ஆனால் அது தனிச் சட்டத்தின் மேல் உடல் அமர்ந்திருக்கும் வகை வண்டி. பெட்டியைக் கழற்றிவிட்டுச் சட்டத்தின் மூலைவிட்ட அளவுகளை எடுத்தபோது இரண்டு பக்கமும் ஒத்திருந்தன. புதிய பெட்டியும் பின்விளக்குகளும் பம்பரும் மாற்றியதோடு சரியாகிவிட்டது. ஐந்து ஆண்டுகளாக ஓட்டுகிறேன், டயர் தேய்மானம் நான்கிலும் ஒன்றுபோல இருக்கிறது. நண்பருடைய கார் அந்த வகை அன்று, அடியும் அந்த இடத்தில் இல்லை.

பழையசாவி (பதில்)

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இதே நிலையில் நின்று, சரிசெய்வது என்று முடிவெடுத்தவன் நான். எந்தப் பட்டறை என்று சொல்லப் போவதில்லை. ஆனால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

வண்டி ஏழு வாரங்கள் கழித்து வந்தது. வண்ணம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. முதல் வாரத்திலேயே, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் முன்கதவின் மேல்மூலையில் விசில் போன்ற ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. ரப்பரை இரண்டு முறை மாற்றினார்கள், சத்தம் போகவில்லை. நேரான சாலையில் ஸ்டியரிங் சற்றுக் கோணலாக நின்றது. வீல் அலைன்மென்ட் செய்து நேராக்கினார்கள், ஒரு மாதத்தில் மீண்டும் கோணியது. 6,000 கிலோமீட்டருக்குள் ஒரு முன் டயரின் உட்புற விளிம்பு மட்டும் வழுக்கையாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் பட்டன்கள் நன்றாகத் தெரியும். விரலை உட்பக்கமாக விட்டுத் தடவியபோது கம்பி குத்தியது. அன்றிரவு அந்த டயரில்தான் குடும்பத்தோடு நெடுந்தூரம் போக இருந்தோம்.

பிறகு வேறோர் இடத்தில் அலைன்மென்ட் தாளை முழுமையாக எடுத்துப் பார்த்தவர்தான் காரணத்தைச் சொன்னார். ஒரு பக்கக் கேம்பர், அதாவது சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்து நிற்கும் கோணம், வரம்புக்கு வெளியே நிற்கிறது, சரிப்படுத்தும் போல்ட்டில் அதற்கு மேல் இடமில்லை, ஆகவே ஷாக் அப்சார்பரின் தலையைத் தாங்கும் மேற்கூடே உள்பக்கம் நகர்ந்திருக்கிறது என்றார். அதாவது, அளவெடுக்காமலே மேல்தகட்டை மூடி வண்ணம் பூசியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் கால்வைக்கும் இடத்துக் கம்பளம் ஈரமானது; பொத்தலைத் தேடியபோது வெல்டிங் விளிம்பில் சீலர் பூசப்படாமல் துரு படர்ந்திருந்தது. கடைசியில் அந்த வண்டியை விற்றபோது, எல்லாவற்றையும் வாங்கியவரிடம் சொல்லித்தான் விற்றேன், அதற்கேற்ற விலைதான் கிடைத்தது.

இன்றும் எனக்கு அந்த வண்டியின் மேல் கோபம் இல்லை. அளவுத்தாளைக் கேட்க எனக்குத் தெரியாமல் போனதே என்ற வருத்தம்தான் இருக்கிறது. சரிசெய்வது என்று முடிவெடுத்தால், வேலை நடக்கும்போதே, மேல்தகடு மூடப்படுவதற்கு முன்பு, நீங்களே நேரில் போய்ப் படம் எடுத்து வையுங்கள்.

மலைப்பாதை

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மனைவியை மருத்துவரிடம் காட்டிவிட்டேன்; எலும்பில் எதுவும் இல்லை, கன்றியது மட்டும்தான். பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். வளையத்தில் உரசும் இடத்தில் நூல் கண்ணாடி போல் பளபளத்தது.

பட்டறையில் இன்று பேசினேன். பாகங்களைக் கழற்றி அளவெடுக்க ஒப்புக்கொண்டார்கள். பில்லர் நகர்ந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, இதே மாடலில் பின்பக்கம் அடிபட்ட வேறொரு வண்டியிலிருந்து பில்லர் பகுதியை வெட்டி எடுத்து இதில் பொருத்திவிடலாம் என்றார்கள், செலவும் குறையும் என்கிறார்கள். இது வழக்கமான முறைதானா? இன்னொன்று: முன்பம்பருக்குப் பின்னால் தூரத்தை அளக்கும் ரேடார் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி எஸ்டிமேட்டில் எதுவும் இல்லை. காலியாக இருந்த குழந்தை இருக்கையைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா?

தகட்டுவேலை

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். குழந்தை இருக்கையை மாற்றிவிடுங்கள். வண்டி தானாக ஓடிச் செல்லும் நிலையில் இருந்து, இருக்கைக்கு அருகிலுள்ள கதவு சேதமின்றி, எவருக்கும் காயமின்றி, ஏர்பேக் விரியாமல், இருக்கையிலும் சேதம் தெரியாமல் இருந்தால் மட்டுமே அதைச் சிறிய விபத்து என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு கருதுகிறது. இவை ஐந்தும் ஒருசேரப் பொருந்த வேண்டும். உங்கள் விபத்தில் ஏர்பேக் விரிந்தது, காயம் இருந்தது, வண்டி நகரவில்லை. காலியாக இருந்தாலும் மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் பலர் உண்டு. காப்பீட்டில் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ரேடாரை விட்டுவிட்டு எஸ்டிமேட் போட்டது சிறிய மறதி அன்று. அதன் தாங்கி வளைந்து பார்வைக்கோணம் ஒரே ஒரு டிகிரி விலகினாலும், 100 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 1.75 மீட்டர் தள்ளிப் பார்க்கும். பக்கத்துத் தடத்தில் போகும் வண்டிக்காக பிரேக் போடும், உங்கள் தடத்தில் நிற்கும் வண்டியைத் தவறவிடும். அதை மாற்றிய பிறகு, முதலில் சக்கர அலைன்மென்ட், அதன்பின் ரேடாருக்கும் முன்கண்ணாடிக் கேமராவுக்கும் கலிப்ரேஷன் (பார்வைக்கோணத்தைச் சரியாக அமைத்தல்) என்ற வரிசையில் செய்து, அதற்கான தாளையும் தர வேண்டும்.

பில்லரை வெட்டி ஒட்டும் யோசனைக்கு நான் உடன்பட மாட்டேன். பகுதியை வெட்டி மாற்றுவது தொழிலில் இல்லாத முறை என்று சொல்லவில்லை. எந்த இடத்தில் வெட்டலாம், உள்ளே எந்த வலுத்தகட்டை வைக்க வேண்டும், எத்தனை வெல்டிங் புள்ளிகள், எந்தப் பசை என்பதைத் தயாரிப்பாளரின் கையேடு வரையறுத்திருக்கும். கையேடு அனுமதிக்காத இடத்தில் வெட்டினால் அது பட்டறைக்காரரின் ஊகம் மட்டுமே. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு எங்கள் தொழிலில் பலருக்கும் பாடமாக அமைந்தது. ஆலங்கட்டி மழையில் கூரை குழிந்த 2010-ஆம் ஆண்டு ஹோண்டா ஃபிட் காருக்கு, கையேடு சொன்ன வெல்டிங்கைச் செய்யாமல் பசையால் கூரையை ஒட்டியிருந்தார்கள். அந்த விவரம் தெரியாமல் பின்னர் அதை வாங்கிய தம்பதி 2013-இல் விபத்தில் சிக்கியபோது காரின் கூடு அவர்களைக் காக்கவில்லை. வண்டி தீப்பற்றியது, இருவரும் படுகாயம் அடைந்தார்கள். 2017-இல் நடுவர் குழு பொறுப்பின் பெரும்பகுதியை அந்தப் பட்டறையின் மேல் சுமத்தியது. அந்தக் கூரையும் வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்றுதான் இருந்திருக்கும்.

உங்கள் பட்டறையில் கையேட்டின் அந்தப் பக்கத்தை அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

மலைப்பாதை

ஒன்பது நாட்கள் கழித்து எழுதுகிறேன். நேற்று பாகங்களைக் கழற்றி அளவெடுத்தபோது நானும் அப்பாவும் அங்கே இருந்தோம்.

ஷாக் அப்சார்பரின் மேற்கூடு 14 மில்லிமீட்டர் பின்னால் போயிருந்தது. கதவுக்கீலைத் தாங்கும் பில்லர் 6 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. கால்வைக்கும் இடத்துக் கம்பளத்தை விலக்கிக் காட்டினார்கள். தரைத்தகடு பில்லரோடு சேரும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுருக்கம், அதன் முகட்டில் சீலர் வெடித்து, வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. அப்பா குனிந்து அந்த மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். அதுவரை இன்ஜினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர், இந்த இடத்தில்தானே அவள் கால் இருந்தது என்று மட்டும் கேட்டார். வீடு திரும்பும் வரை வேறு எதுவும் பேசவில்லை.

கையேட்டின் பக்கத்தைக் கேட்டேன், பட்டறையில் இல்லை. புதிய பில்லரோடு போடப்பட்ட துணை எஸ்டிமேட் 81 விழுக்காட்டைத் தொட்டது. மறு ஆய்வுக்கு வந்த மதிப்பீட்டாளர் அளவுத்தாளைப் பார்த்துவிட்டு, முழு இழப்பு என்று பரிந்துரைப்பதாகச் சொன்னார். நானும் அதற்கே சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நசுங்கிய வண்டியை நானே வைத்துக்கொண்டு குறைந்த தொகையைப் பெறவும் வழி இருக்கிறது என்றார்கள், வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் எடுத்துச் செல்கிறார்கள். அதற்குள் நான் செய்ய வேண்டியது ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்.

இழப்புக்கணக்கு

நல்ல முடிவு, ஐயா. ஒப்படைக்கும் முன் வண்டியின் திரையில் சேமித்திருக்கும் தொலைபேசி எண்கள், வீட்டு முகவரி, போன வழிகள் ஆகியவற்றை அழித்து, தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடுங்கள். பேட்டரி கழற்றப்பட்டிருந்தால் தற்காலிகமாக இணைக்கச் சொல்லுங்கள். சுங்கச்சாவடி அட்டையைக் கழற்றி அதன் கணக்கை முடித்துவிடுங்கள். டேஷ்போர்டு பெட்டி, இருக்கைகளின் அடிப்பகுதி, டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே உள்ள குழி ஆகிய இடங்களைக் கையை விட்டுத் தேடுங்கள். வண்டியை எடுத்துச் செல்பவரிடம் தேதி, நேரம், ஓடோமீட்டர் எண் ஆகியவற்றுடன் கையொப்பம் வாங்குங்கள். உரிமை மாற்றமோ பதிவு நீக்கமோ, உங்கள் இடத்தில் எது பொருந்துமோ அதற்கான நகல் உங்கள் கைக்கு வரும் வரை பழைய காப்பீட்டை நீங்களாக ரத்து செய்ய வேண்டாம். அந்த வண்டி வேறொருவர் கையில் சாலைக்கு வந்து ஏதேனும் நடந்தால், பதிவேட்டில் இருக்கும் பெயர் உங்களுடையது.

மலைப்பாதை

நன்றி ஐயா. இன்று மாலை பிள்ளைகளோடு போய்த் தேடினோம். பின்னிருக்கைக்கு அடியில் சின்னவளின் ஒற்றைச் செருப்பு கிடைத்தது; நான்கு மாதங்களாகத் தேடிக்கொண்டிருந்தாள். திரையில் இருந்தவற்றை அழித்துவிட்டேன். குழந்தை இருக்கையை அப்படியே வெளியே வைத்தால் யாராவது எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடும் என்பதால், பட்டைகளை வெட்டி, விபத்தில் சிக்கியது என்று அதன் மேல் பெரிதாக எழுதிக் குப்பைக்குக் கொடுத்துவிட்டேன்.